சிற்றுயிர்களை அருகிற் சென்று காணல்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

கல்வியும் முன்னேற்றமும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் முதலில் நம்மைக் கேட்டனர். அப்பொருள்பற்றி இன்று காலை முதல் நால்வர் பேசிவிட்டனர், நன்றாகவே பேசினர். ஐந்தாவதாக நாமும் அதையே எடுத்துக்கொண்டால், கேட்போர்க்கு உணவு வேளை நினைவுக்கு வருமேயன்றி வேறொன்றும் வராது. ஆகவே குழுவினரின் இசைவு பெற்று, பூச்சிகளைப் பற்றியும், அவற்றை மிக அருகிற் சென்று புகைப்படம் எடுப்பது பற்றியும் பேச வந்துள்ளோம். சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். வெள்ளி விழா மேடையில் வண்டும் எறும்பும் எதற்கு என்று கேட்பீர்களாயின், அதற்குரிய விடை உரையின் போக்கில் தானே வரும்.

நாம் வரலாறு படித்த பி.ஏ. பட்டதாரி, அறிவியல் ஆசிரியர் அல்லோம். இதையும் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. ஏனெனில் நாம் கூறப் போகும் செய்திகளில் வரும் மாந்தருள்ளும் சிலர் அறிவியலைக் கல்லூரியில் பயிலாதவர்கள்.

மலேசிய நாட்டில் சிலாங்கூர் மாநிலத்துக் காடு ஒன்றில், 2011ஆம் ஆண்டு மே மாதத்தில், குவெக் ஹோக் பிங் என்னும் புகைப்பட ஆர்வலர் ஒரு பச்சைப் பூச்சியைப் படம் பிடித்தார். நம் நாட்டு வேளாண்மைத் துறையினர் கண்ணாடி இறக்கைப் பூச்சி என்று வழங்குகிறார்களே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. மென்மையான உடல், கண்ணாடித் தாள் போன்ற இறக்கைகள். இறக்கையின் அடிப்பகுதியில் கருநிற வலைப்பின்னல் போல ஒரு கோலமும், அதனூடே நீலப் பொட்டுகளும் இருந்தன. படம் எடுத்து முடிந்ததும் பூச்சி பறந்துவிட்டது. அவர் அதைப் பிடிக்க முனையவில்லை. படத்தைப் பிளிக்கர் என்னும் இணையத்தளத்தில் ஏனைய படங்களோடு ஏற்றி வைத்தார்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநில வேளாண் துறையில் பணியாற்றிய பூச்சியியல் அறிஞர் ஷான் விண்டர்டன் என்பவர் அப்படத்தைத் தற்செயலாகக் கண்டார். கண்ணாடி இறக்கைப் பூச்சிகளில் அவர் வல்லுநர். ஆயினும் அத்தகைய கோலமுடைய இறக்கையை அவர் அதுவரை பார்த்ததில்லை. தம்மைப் போன்ற வேறு அறிஞர்களுக்கும் காட்டினார். அவர்களாலும் இன்னதென்று சொல்ல இயலவில்லை. புதிய இனமாக இருக்கலாம் என்ற எண்ணம் எழுந்தது. ஆனால் படம் மட்டும் இருந்தால் போதுமா? பூச்சி கைக்கு வந்தாலன்றி முடிவு சொல்ல இயலாது. அவர் படம் எடுத்தவருக்கு எழுதிக் கேட்டார். பூச்சியோ என்றோ பறந்துவிட்டது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, அதே பகுதிக்கு மீண்டும் சென்ற குவெக் அவர்கள், அதே இனப் பூச்சி ஒன்றைக் கண்டு பிடித்து அனுப்பி வைத்தார். இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஸ்டீபன் புரூக்ஸ் என்னும் அறிஞர் அதனை ஆராய்ந்து, புதிய இனமே என்று உறுதி செய்தார். 2012ஆம் ஆண்டு மூவர் பெயரிலும் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. செமக்ரைசா ஜேட் என்பது அப்பூச்சியின் பெயர். ஜேட் என்பது பச்சைக் கல்லின் பெயர் என்று எவரும் நினைப்பர்; அன்று, அது விண்டர்டன் அவர்களின் மகளுடைய பெயராம்.

இக்கதையில் நம் உள்ளத்தை மிகவும் ஈர்த்த பகுதி இனிமேல்தான் வருகிறது. அருங்காட்சியகத்தின் பழைய சேகரிப்பைத் துழாவியபோது, அதே இனத்தைச் சேர்ந்த பூச்சி ஒன்று முன்னரே அங்கே இருந்தது தெரிய வந்தது. ஆண்டுக்கணக்காக ஊசி குத்தப்பட்டுப் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. இதுவரை எவரும் காணாத இனம் என்பதை ஒருவரும் கண்டறியவில்லை. உலகின் தலைசிறந்த அருங்காட்சியகத்தின் பெட்டிக்குள் பெயரின்றிக் கிடந்ததற்கு, காட்டில் கேமராவுடன் நடந்த ஒருவரின் படத்தால் பெயர் கிடைத்தது. பட்டம் உண்டா, பதவி உண்டா என்று அப்பூச்சி அவரைக் கேட்கவில்லை. ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயரை விட்டுவிடாமல் சேர்த்த அந்த இரு அறிஞர்களையும் நாம் பாராட்ட வேண்டும். படம் எடுத்தவன் ஒருவன், பெயர் பெற்றவன் வேறொருவன் என்னும் நிலை உலகில் அரிதன்று.

இனி, அண்மைப் புகைப்படம் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகக் காண்போம். பிலிம் கேமராக் காலத்தில் பிலிமின் ஒரு கட்டம் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்டது. இன்றைய உயர்தரக் கேமராக்களில் பிலிமுக்குப் பதிலாக இருக்கும் ஒளியுணர் தகடும் அதே அளவினதே. 10 மி.மீ. நீளமுள்ள எறும்பு அத்தகட்டின் மேல் 10 மி.மீ. நீளமாகவே விழுமாயின், அதனைச் சம அளவுப் படம் என்பர். சாதாரண லென்ஸ் அதில் பத்தில் ஒரு பங்குதான் தரும். சம அளவும் அதற்கு மேலும் தருவதே அண்மைப் புகைப்படக் கலையின் எல்லை.

அவ்வளவு அருகிற் செல்லும்போது இரண்டு இடையூறுகள் நேர்கின்றன. ஒன்று, ஒளி குறைகிறது; சம அளவில் எடுக்கும்போது தகட்டை வந்தடையும் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். மற்றொன்று இதனினும் பெரிது. தெளிவாகத் தெரியும் ஆழம் மிகமிகக் குறைகிறது. சம அளவில், நடுத்தரமான ஒளித்துளை வைத்து எடுத்தால், ஏறக்குறைய 1 மி.மீ. ஆழம் மட்டுமே கூர்மையாக விழும். நெல்மணியின் தடிப்பில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டானின் கண் தெளிவாக இருந்தால் வால் மங்கும். வால் தெளிவாக இருந்தால் கண் மங்கும். ஒளித்துளையைச் சிறிதாக்கினால் ஆழம் கூடும் என்பது மெய்யே. ஆனால் துளையை அளவு மீறிச் சிறிதாக்கினால், ஒளி விளிம்பில் வளைந்து சிதறி, படம் முழுவதுமே மழுங்கும். ஒன்றைப் பெற ஒன்றை இழக்க வேண்டும். எதைத் தெளிவாகக் காட்டப் போகிறோம் என்று படம் எடுப்பவன் முன்னரே முடிவு செய்தாக வேண்டும். பெரும்பாலோர் கண்ணைத் தெரிவு செய்வர், அது சரியே.

இவ்விடையூற்றைக் கணிப்பொறியின் துணையால் வென்ற முறை ஒன்று உண்டு. கேமராவை மிகச் சிறிது சிறிதாக முன்னே நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாக உள்ள பகுதியை மட்டும் பொறுக்கி ஒன்றாகச் சேர்ப்பது அது. இங்கிலாந்துப் புகைப்படக் கலைஞர் லெவன் பிஸ், ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பூச்சிகளை இம்முறையில் படம் எடுத்து, 2016ஆம் ஆண்டு அங்கேயே கண்காட்சி நடத்தினார். ஒவ்வொரு நகர்வும் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு. ஒரே ஒரு வண்டின் படத்துக்கு 8,000க்கு மேற்பட்ட படங்கள் தேவைப்பட்டன, வாரக்கணக்கில் உழைத்தார். வண்டைச் சுமார் 30 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே விளக்கொளி அமைத்தாராம். சில மி.மீ. நீளமுள்ள வண்டு சுவர் அளவுக்கு நிற்கும்போது, அதன் முதுகு உழுத வயல் போலவும் அடித்து வளைத்த செப்புத் தகடு போலவும் தோன்றுகிறது. அது செல்வம் மிக்கோர் செய்யக்கூடிய வேலை. நாம் செய்ய இயலாது என்பீர்கள். பொறுங்கள்.

லென்ஸ் என்னும் பொருளின் வரலாற்றில், அதனைச் சிறப்பாகப் பயன்படுத்தியவர்களின் பட்டியல் வியப்பூட்டுவது. ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் 1632ஆம் ஆண்டு பிறந்த லேவன்ஹூக் ஒரு துணி வணிகர். துணியின் நூலிழையை எண்ணிப் பார்க்க அவ்வணிகர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்திருப்பர். அவருக்கு இலத்தீன் தெரியாது. அக்காலத்தில் இலத்தீன் அறியாதவனைக் கற்றவன் என்று ஐரோப்பாவில் ஏற்கமாட்டார்கள். இருப்பினும் தாமே சின்னஞ்சிறு லென்சுகளைச் செய்து, நீர்த்துளியிலும் பல்லின் அழுக்கிலும் உயிர்கள் அசைவதைக் கண்டார். 1673ஆம் ஆண்டு தொடங்கி, 1723இல் இறக்கும் வரையில், இலண்டன் ராயல் சங்கத்துக்குத் தம் தாய்மொழியிலேயே கடிதம் எழுதி வந்தார். மொழிபெயர்த்துக்கொள்வது அவர்கள் பாடு! 1680இல் அச்சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. அவருக்குச் சற்று முன்னர், 1665ஆம் ஆண்டு, இராபர்ட் ஹூக் வெளியிட்ட நூலில் ஒரு தெள்ளுப்பூச்சியின் படம் மடித்து வைக்கும் பெருந்தாளில் அச்சிடப்பட்டிருந்தது. கையால் வரைந்ததே, கேமரா இன்னும் பிறக்கவில்லை.

இங்கே நம் சொந்த நினைவு ஒன்றைக் கூறாதிருக்க இயலவில்லை. நாம் ஒன்பதாம் வகுப்பில் பயின்ற பள்ளியில் ஒரு நுண்ணோக்கி இருந்தது. அது அலமாரியில் பூட்டப்பட்டிருந்தது. ஆண்டுக்கு ஒருநாள், ஆய்வாளர் வரும்போது, வெளியே எடுத்து மேசை மேல் வைப்பர். வெங்காயத் தோலைப் பார்க்க மாணவர்களை வரிசையாக அழைத்தனர். நம் தெருப் பிள்ளைகளின் முறை வந்தபோது மட்டும் மணி அடித்துவிட்டது. மறு ஆண்டும் அவ்வாறே மணி அடித்தது. ஓர் ஆண்டு தற்செயல் எனலாம்; இரண்டாம் ஆண்டையும் அவ்வாறு சொல்ல நமக்கு மனம் வரவில்லை. தலைமையாசிரியர் பொறுப்பேற்ற பின்னர், நாம் பணியாற்றும் பள்ளியில் முதலில் செய்த வேலை, ஆய்வகத்து அலமாரியின் பூட்டைக் கழற்றியதே. இரண்டு கண்ணாடிச் சில்லுகள் உடைந்தன. உடையட்டும் என்றோம்.

அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்து ஜெரிக்கோ என்னும் சிற்றூரில் வாழ்ந்த வில்சன் பென்ட்லி என்னும் உழவரைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறுவோம். 1865ஆம் ஆண்டு பிறந்தவர். பதினான்கு வயது வரை பள்ளிக்குச் செல்லவில்லை. ஆசிரியையாக இருந்த தாயாரே வீட்டில் கற்பித்தார். பதினைந்தாம் வயதில் தாயார் ஒரு பழைய நுண்ணோக்கியைக் கொடுத்தார். அதில் பனித்துகளை வைத்துப் பார்த்த சிறுவனுக்கு வேறெதுவும் பிடிக்காமற் போயிற்று. அறுகோணமும், அதிலிருந்து கிளைக்கும் ஆறு கைகளும், கைகளில் கோலம் இட்டது போன்ற சிறு கிளைகளும் தெரிந்தன. வரைய முயன்றான், வரைந்து முடிப்பதற்குள் பனி உருகிற்று. படம் பிடித்தாலன்றி வழியில்லை. கேமராவும் நுண்ணோக்கியும் சேர்ந்த கருவிக்கு அக்காலத்தில் ஏறத்தாழ 100 டாலர். பசுமாடுகளை வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது பெருந்தொகை. தந்தைக்கு இதில் சிறிதும் விருப்பமில்லை. ஆயினும் வாங்கிக் கொடுத்தார். அத்தந்தையின் நிலையை இங்கு அமர்ந்திருக்கும் தந்தையர் நன்கு உணர்வர்.

1885ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள், பென்ட்லி பனித்துகளின் முதற்படத்தை எடுத்தார். அப்போது அவருக்கு இருபது வயது நிரம்பவில்லை. சூடு படாத கொட்டகையில் நின்று, கரும்பலகையில் விழும் துகள்களைப் பிடித்து, நல்லதொன்றைத் தெரிந்து கண்ணாடிச் சில்லில் வைத்து, இறகால் மெல்ல அழுத்தி, மூச்சுக் காற்றும் படாதவாறு படமெடுப்பார். மூச்சுப் பட்டால் துகள் போயிற்று. இவ்வாறு தம் வாழ்நாளில் 5,000க்கு மேற்பட்ட பனித்துகள்களைப் படமெடுத்தார். ஊரார் அவரை ஒரு மாதிரியான ஆள் என்றே கருதினர். பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் துணையோடு 1898இல் முதற்கட்டுரை வெளிவந்தது. 1931ஆம் ஆண்டு நவம்பரில் 2,400க்கு மேற்பட்ட படங்களோடு அவருடைய பெருநூல் வெளியாயிற்று. அடுத்த மாதம் 23ஆம் நாள் அவர் காலமானார். பனிப்புயலில் நடந்து வந்து கண்ட நுரையீரற் காய்ச்சலே காரணம்.

அவரே மழைத்துளியையும் அளந்தார். எவ்வாறு தெரியுமா? ஒரு தட்டில் மெல்லிய மாவைப் பரப்பி, மழையில் சிறிது நேரம் நீட்டுவார். துளி விழுந்த இடத்தில் மாவு உருண்டையாகும். அது காய்ந்த பிறகு அளந்து பார்ப்பார். இதற்குக் கேமராவும் வேண்டாம். ஐப்பசி மழைக்கு நம் மாணவர்கள் இதனைச் செய்து பார்க்கலாம். வீட்டில் மாவு வீணாகிறதென்று வசவு கிடைத்தால் அதற்கு நாம் பொறுப்பல்லோம்.

பென்ட்லி அவர்களைப் பற்றி ஒரு வழக்கும் எழுந்தது. ஜெர்மனியில் ஹெல்மான் என்னும் வானிலை அறிஞர், நாய்ஹாஸ் என்பவரைக் கொண்டு பனித்துகள்களைப் படமெடுப்பித்தார். அவை அவ்வளவு ஒழுங்காக இல்லை. கோணலும் ஒடிசலுமாக இருந்தன. பென்ட்லி தம் படங்களைத் திருத்துகிறார் என்பது ஹெல்மான் அவர்களின் குற்றச்சாட்டு. துகளைச் சுற்றியிருந்த பின்னணியை நெகட்டிவிலிருந்து கத்தியால் சுரண்டிக் கருமையாக்கினார் என்பது உண்மை. துகள் எடுப்பாகத் தெரிவதற்காகவே அவ்வாறு செய்ததாக அவர் கருதினார். இதில் நம் கருத்தைக் கேட்டால், ஜெர்மானியர் கூற்றிலும் நேர்மை உண்டு என்போம். பென்ட்லி அழகிய துகள்களையே தேடித் தெரிந்தார். வானத்திலிருந்து விழுபவற்றுள் பெரும்பாலானவை ஒழுங்கற்றவையே. அழகானதை மட்டும் காட்டினால், எல்லாமே அழகானவை என்று பார்ப்பவன் நம்பிவிடுகிறான். பொய் சொல்லாமலே பொய்யான எண்ணம் பிறக்கிறது. உழவர் என்பதற்காக அவரிடம் இதனைக் கேளாமல் விட்டால், அது அவருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது.

இந்த நேர்மைப் பேச்சு இக்காலத்துக்கு மிகவும் வேண்டுவது. பூச்சியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து மரத்துப் போகச் செய்து, இலைமேல் வைத்துப் படமெடுப்போர் உளர். செத்ததைப் பசையால் ஒட்டி, உயிரோடு நிற்பது போலக் காட்டுவோரும் உளர். இப்போதோ, கேமராவே இல்லாமல் கணிப்பொறியே பூச்சிப் படத்தை உருவாக்கித் தருகிறது. மெய்ப்படம்போலவே இருக்கும். கால்களை எண்ணிப் பாருங்கள்; சில வேளைகளில் ஏழு இருக்கும், ஐந்தும் இருக்கும். எண்ணத் தெரிந்தவனை ஏமாற்றுவது கடினம்.

எண்ணுவது என்றதும் முயிறு நினைவுக்கு வருகிறது. நம் ஊரில் முசுறு என்போம். மாமரம் ஏறிய எவரும் அதனை மறக்கமாட்டார். கூடு கட்டும்போது, இலைகளின் விளிம்பைச் சில எறும்புகள் இழுத்துப் பிடிக்க, வேறு சில தம் புழுக்களை வாயில் கவ்வி வந்து, அப்புழுக்கள் விடும் பட்டு நூலால் இலைகளைத் தைக்கின்றன. தையல் ஊசியாகத் தம் குழந்தையையே பயன்படுத்தும் உயிர் அது. நல்ல அண்மைப் படத்தில் அந்நூல் பளபளவென்று தெரியும்.

அந்த முசுறு வரிசைக்கு அருகிலேயே, நிறத்திலும் வடிவிலும் அச்சாக அதே போன்ற ஒன்று நடக்கக் காணலாம். வெறுங்கண்ணுக்கு அதுவும் முசுறே. படமெடுத்துப் பெரிதாக்கிக் கால்களை எண்ணினால் எட்டு! எறும்புக்கு ஆறு கால்தானே? அது ஒரு சிலந்தி. தத்திப் பாயும் சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. மிர்மாபிளாட்டா பிளாட்டலியாய்டிஸ் என்பது அதன் அறிவியற்பெயர். முன்னங்கால் இரண்டையும் உயர்த்தி, எறும்பின் உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டு நடக்கும். எறும்பின் உடல் தலை, மார்பு, வயிறு என மூன்றாகப் பிரிந்தது. சிலந்திக்கு இரண்டே பகுதிகள். இச்சிலந்தியோ தன் முன்பகுதியின் நடுவே ஓர் இடுக்கு வைத்து மூன்று போலக் காட்டுகிறது. ஆண் சிலந்திக்கு முகத்தின் முன்னே தாடைகள் நீண்டு, ஓர் எறும்பு மற்றோர் எறும்பைத் தூக்கிச் செல்வது போன்ற தோற்றம் தரும். முசுறைக் கண்டால் பறவைகளும் பிற பூச்சிகளும் ஒதுங்கும். அந்த அச்சத்தின் நிழலில் இது பிழைக்கிறது. முசுறுகளிடம் நேரே சிக்காமல் விலகியே நடக்கும். இடையூறு வந்தால் நூலில் தொங்கிக் கீழே இறங்கிவிடும். எறும்பு அவ்வாறு செய்யாது. மாந்தோப்பில் வேலைக்குச் செல்லும் நம் பெண்கள் இதனை நாளும் கண்டிருப்பர். அருகில் காட்ட ஒரு கருவிதான் இல்லாமல் இருந்தது.

கருவிக்கு வருவோம். பெரிய கேமரா வேண்டியதில்லை. பழைய கேமரா ஒன்று வீட்டில் கிடந்தால், அதன் 50 மி.மீ. லென்சைக் கழற்றித் திருப்பி மாட்டினாலே அண்மைப் படம் எடுக்கலாம். அதற்கான வளையம் மலிவானது. லென்சுக்கும் கேமராவுக்கும் இடையே வெற்றுக் குழாய் வைப்பதும் ஒரு முறை, 50 மி.மீ. லென்சோடு 50 மி.மீ. குழாய் சேர்ந்தால் சம அளவு கிடைக்கும். இவையும் இல்லையெனில், செல்பேசியில் செருகிக்கொள்ளும் சிறு லென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதுவும் இல்லையெனில், செல்பேசியின் லென்ஸ் மேல் ஒரு சிறு நீர்த்துளியை வைத்து மெதுவாகக் கவிழ்த்தால், துளியே குவிலென்சாக நின்று வேலை செய்யும். துளி கருவிக்குள் இறங்காதவாறு காத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. செல்பேசியின் ஒளியுணர் தகடு சிறியதாதலால் தெளிவின் ஆழம் பெரிய கேமராவைவிட அதிகம் கிடைக்கும் என்பதையும் அறிக. இவ்விடத்தில் ஏழையின் கருவிக்கே ஏற்றம். மீரட் நகரில் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் மனு பிரகாஷ், தாளை மடித்துச் செய்யும் நுண்ணோக்கியை உருவாக்கி, 2014இல் உலகறியச் செய்தார். அதற்கான பொருட்செலவு ஒரு டாலருக்கும் குறைவு. 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

விடியற்காலையே உகந்த வேளை. குளிரில் பூச்சிகள் சோம்பிக் கிடக்கும். வெயில் ஏறிய பின் தட்டானைத் துரத்துவது வீண். உங்கள் நிழல் அதன் மேல் விழாதபடி, மெல்ல, ஒரே வேகத்தில் நெருங்குக. பிளாஷ் விளக்கு வைத்திருந்தால் அதன் முன்னே வெண்தாள் ஒன்றைப் பிடிக்கவும்; ஒளி பரவி விழும். கேமராவின் குவியத்தைத் திருகிக்கொண்டிராமல், உடலையே முன்னும் பின்னுமாக நூலளவு அசைத்து, கண் தெளியும் நொடியில் அழுத்துக. பத்துப் படத்தில் ஒன்று தேறினால் நன்று.

எவற்றைக் காணலாம்? தட்டானின் கண் சில இனங்களில் 28,000 வரையிலான சிறு கண்களால் ஆனது. வண்ணத்துப்பூச்சியின் இறக்கையில் கைபட்டால் ஒட்டும் பொடி உண்மையில் பொடியன்று. வீட்டுக் கூரை ஓடுபோல வரிசையாக வேய்ந்த செதில்கள். முதல் மழைக்குப் பின் செம்மண்ணில் பட்டுத் துணித்துண்டு போல ஊரும் மூதாயைப் பூச்சி என்றே அழைக்கிறோம். அதற்கும் எட்டுக் காலே.

சென்ற ஆண்டு நம் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் வீட்டுக் கொல்லையின் அவரை இலை ஒன்றைக் கொண்டு வந்து, ஐயா, இதில் பூஞ்சை முளைத்திருக்கிறது என்றாள். மயிரிழை போன்ற காம்புகள்; ஒவ்வொரு காம்பின் நுனியிலும் வெண்புள்ளி. செருகு லென்சால் படமெடுத்துப் பார்த்தோம். புள்ளிகள் நீள்வட்டமான முட்டைகள். முன்னர்க் கூறிய கண்ணாடி இறக்கைப் பூச்சியின் குடும்பமே இவ்வாறு காம்பு நிறுத்தி முட்டையிடும். அம்முட்டையிலிருந்து வரும் புழு அசுவினியைத் தின்னும். அக்கொல்லையில் அவரைக் கொடி முழுதும் அசுவினி. அவள் தந்தை மருந்து வாங்கக் கடன் கேட்டுக்கொண்டிருந்தார். படத்தைக் காட்டி, ஒரு வாரம் பொறுக்குமாறு மகள் வேண்டினாள். பொறுத்தார். அசுவினி முற்றும் ஒழிந்தது என்று நாம் கூறமாட்டோம். குறைந்தது, மருந்தும் வாங்கவில்லை. தந்தை மகள் சொற்கேட்டுப் பொறுத்தாரே, அதை நாம் அப்பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டைவிடப் பெரிதாக எண்ணுகிறோம். கல்வி அதிகாரிகள் இதனைக் கேட்டுக்கொண்டிருக்கமாட்டார்கள் என்ற துணிவில் சொல்கிறோம்.

படம் எடுத்தபின் செய்ய வேண்டுவது ஒன்றுண்டு, பலரும் விட்டுவிடுகின்றனர். நாள், நேரம், இடம், எந்தச் செடி, பூச்சி என்ன செய்துகொண்டிருந்தது, உயிரோடு இருந்ததா, எடுத்தவர் பெயர் ஆகியவற்றை அன்றே எழுதி வைக்க வேண்டும். இடம் தெரிந்திருந்ததால்தான் குவெக் அவர்களால் ஓராண்டுக்குப் பின் அதே பூச்சியைத் தேடிச் செல்ல இயன்றது. பெயரை எழுதத் தயங்காதீர்கள். முழுப்பெயரை, தெளிவான எழுத்தில் எழுதுங்கள்.

கழக நூலகத்தில் வரும் ஞாயிறு முதல் இரண்டு கைலென்சுகளும், செல்பேசியில் செருகும் லென்ஸ் ஒன்றும், குறிப்பேடு ஒன்றும் வைக்கப் பெறும். அலமாரியில் அல்ல, மேசைமேல். பதிவேட்டில் கையொப்பமிட்டு எவரும் எடுத்துச் செல்லலாம். மூன்று நாளில் திருப்பித் தருக. சிறு பிள்ளைகளுக்கும் தரப்படும். மூதாயைத் தேட விரும்புவோர், முதல் மழை பெய்த மறுநாட் காலை 6 மணிக்கு நூலக வாயிலில் கூடுக. பெண் பிள்ளைகளை அவசியம் அனுப்பி வையுங்கள். ஏரிக்கரையில் முள் மிகுதி; செருப்பு அணிந்து வருக.